குளத்தை மூடும் செடிகள்: கொங்கு நாட்டுக் குளங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் குளத்தில் களை எடுக்க இறங்கினால் கரையில் ஒரு கூட்டம் சேர்ந்துவிடும். பெரியவர்கள், மீன் குத்தகைக்காரர்கள், நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் என்று பலரும் கேட்பார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம். குளத்தில் இறங்கப்போகும் இளைஞர்கள் முழுவதையும் படித்துவிட்டு இறங்குங்கள்.

எங்க குளம் பச்சையா மூடிக் கிடக்குதுங்க. அது என்ன செடி?

இலைக்காம்பைப் பாருங்கள். காம்பு அடியில் உப்பி, கிள்ளினால் உள்ளே பஞ்சாக இருந்து, ஊதாப் பூ கொத்தாக நின்றால் அது வெங்காயத்தாமரை. செய்தித்தாள்களில் ஆகாயத்தாமரை என்று வருவதும் பெரும்பாலும் இதுதான். கொங்குப் பகுதியில் குளத்தை மூடுவதில் முதல் இடம் இதற்கே.

காம்பே இல்லாமல் வெளிர்பச்சை இலைகள் வட்டமாக அடுக்கி, தொட்டால் மென்முடி தட்டுப்பட்டால் அது வேறு செடி. சித்த வைத்தியத்தில் ஆகாயத்தாமரை என்பது இதைத்தான். வைத்தியர் எழுதிக் கொடுத்தார் என்று வெங்காயத்தாமரையைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள்.

மூன்றாவது சால்வினியா. கேரளத்தில் ஆப்பிரிக்கப் பாயல் என்பார்கள். இரண்டிரண்டாக இலைகள் மிதக்கும், மேற்புறம் முழுக்க முடி நிமிர்ந்து நிற்கும், அதனால் தண்ணீர் ஒட்டாது. இது பெரணி இனம், பூக்காது, விதையும் கிடையாது. ஒரு துண்டு உடைந்து போனால் அதுவே புதுச் செடி.

கரையோரத்தில் வேர் ஊன்றித் தண்ணீருக்குள் படர்ந்து வருபவை இரண்டு. ஒன்று பொன்னாங்கண்ணியின் அயல்நாட்டு உறவான முதலைக்களை. மற்றொன்று நெய்வேலி காட்டாமணக்கு. இளஞ்சிவப்புப் பூவோடு வாய்க்கால் ஓரமெல்லாம் நிற்கும். ஒரு கொம்பை வெட்டி ஈரத்தில் போட்டால் துளிர்த்துவிடும். ஆடு இதைத் தின்று பழகிவிட்டால் நரம்பு பாதித்து நடுக்கம் கண்டுவிடும், கவனம்.

வேலம்பாசியும் சம்பும் நம் ஊர்ச் செடிகளே. சாக்கடைத் தண்ணீரில் அவையும் அளவு மீறி வளர்கின்றன, அதற்காக அவற்றை வேரோடு ஒழிக்கக் கிளம்ப வேண்டியதில்லை.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது?

வெங்காயத்தாமரைக்குப் பிறந்த இடம் தென் அமெரிக்காவின் அமேசான் படுகை. பூ அழகாக இருக்கிறதென்று 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துக்குக் கொண்டு வந்தார்கள். அங்கே ஆறும் வயலும் படகு வழியும் அடைபட்டுப் போனதால் 1936-இல் இந்தச் செடிக்கென்றே ஒரு சட்டம் போட வேண்டியதாயிற்று. இலங்கை அதற்கும் முன்பே, 1909-இல் சட்டம் போட்டது. சால்வினியாவின் தாயகம் தென்கிழக்கு பிரேசில். உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்கள் என்ற பட்டியலில் இந்த இரண்டும் இருக்கின்றன.

நம்ம பக்கம் எங்கே அதிகம்?

நொய்யலின் போக்கிலேயே போய்ப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். வெள்ளியங்கிரி மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் பேரூர் வரை ஓரளவு தெளிவாக வரும், அங்கே குளங்களில் இந்தச் செடி பொதுவாகக் குறைவு. நகரத்துக்குள் நுழைந்ததும் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சிக்குளம், சிங்காநல்லூர், வெள்ளலூர், அப்புறம் இருகூர், சூலூர், சாமளாபுரம் என்று வரிசையாகக் கூடிக்கொண்டே போகும். நகரத்தின் கழிவுநீர் எங்கே சேர்கிறதோ அங்கே செடி அடர்த்தியாக நிற்கும். ஈரோட்டுப் பக்கம் காளிங்கராயன் வாய்க்காலிலும், பள்ளிபாளையம், குமாரபாளையம் ஓரம் காவிரியில் கதவணைகளால் தண்ணீர் தேங்கி நிற்கும் இடங்களிலும் இதே காட்சிதான். ஓட்டம் உள்ள ஆற்றில் செடி நிலைக்காது. தேக்கமும் சாக்கடையும் ஓரிடத்தில் சேர்ந்தால் அதற்கு அதுவே விருந்து.

இரண்டு வருஷத்துக்கு முந்தி முழுசா எடுத்தாங்க, இப்ப மறுபடியும் மூடிருச்சே, ஏனுங்க?

எங்களிடம் அதிகம் பேர் கேட்பது இதுதான். கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறோம்.

முதல் காரணம் விதை. வெங்காயத்தாமரை பூத்து முடிந்ததும் பூந்தண்டு வளைந்து தண்ணீருக்குள் தலையைக் கொடுத்து விதையை அங்கே உதிர்க்கும். அந்த விதை சேற்றுக்குள் 15 ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். குளம் வற்றிச் சேறு வெயிலில் காய்ந்து, அடுத்த மழையில் ஓர் அடி, அரை அடித் தண்ணீர் ஏறும்போதுதான் அது நன்றாக முளைக்கும். அதனால், வறட்சியில் குளம் காய்ந்தது, செடியும் செத்தது, இனி நிம்மதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டாவது, நம் குளங்கள் தனித்தனிக் குளங்கள் அல்ல. ஒரு அணைக்கட்டிலிருந்து ராஜவாய்க்கால், அதிலிருந்து ஒரு குளம், அது நிறைந்து கலிங்கு தாண்டினால் அடுத்த குளம் என்று நம் முன்னோர் தொடுத்து வைத்தார்கள். தண்ணீர் வீணாகாமல் இருக்கச் செய்த அந்த ஏற்பாட்டிலேயே இன்று களையும் பயணம் செய்கிறது. மேல் குளத்தைப் பிடுங்காமல் கீழ்க் குளத்தைப் பிடுங்கினால் முதல் வெள்ளத்திலேயே எல்லாம் வந்து சேர்ந்துவிடும். எந்தக் குளத்தில் வேலை தொடங்குவதானாலும் அதற்கு மேலே உள்ள குளத்தையும் இடைப்பட்ட வாய்க்காலையும் நடந்து பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். எந்தப் பாலத்தடியில் செடி தேங்கி நிற்கிறது, எந்தக் குழாய் வழியாகக் கழிவுநீர் இறங்குகிறது என்று படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். பிடுங்கும் வேலையைவிட இந்த நடைக்குப் பலன் அதிகம்.

மூன்றாவதுதான் வேர்க்காரணம்: சாக்கடை. வீட்டுக் கழிவுநீரில் இருக்கும் தழைச்சத்தும் மணிச்சத்தும் இந்தச் செடிக்கு உரம். தோட்டத்துக்காரர் காசு கொடுத்து யூரியா வாங்கிப் போடுகிறார். குளத்துக்கு நாம் எல்லோரும் இலவசமாகப் போட்டுக்கொண்டிருக்கிறோம். கோவையில் உக்கடத்திலும் ஒண்டிப்புதூரிலும் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் பாதாளச் சாக்கடையில் சேராத தெருக்களின் தண்ணீர் இன்னமும் பள்ளங்கள் வழியாகக் குளத்துக்குத்தான் போகிறது. அந்தக் குழாய்களைத் திருப்பாமல் செடியை மட்டும் வாரி எடுப்பதற்குச் செலவழிக்கும் பணம் ஓரிரு வருடத்துக்கு மேல் நிற்காது. கடுமையாகத் தோன்றலாம், ஆனாலும் இதைச் சொல்லாமல் மற்ற பதில்களைச் சொல்வதில் பொருள் இல்லை.

உண்மையிலேயே அவ்வளவு வேகமா வளருதா?

நல்ல வெயிலும் சாக்கடைச் சத்தும் இருந்தால் ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் பரப்பு இரட்டிப்பாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மூலையில் ஒரு சென்ட் அளவுக்குச் செடி இருக்கிறது. ஏழு முறை இரட்டிப்பானால் 128 சென்ட், அதாவது ஒரு ஏக்கருக்கு மேல். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று மெதுவான கணக்கு வைத்தாலும் சுமார் மூன்று மாதம்தான். நமக்குச் செடி கருகும் அளவு பனி கிடையாது, ஆகவே வருடம் முழுக்க அதற்குப் பருவம்தான். ஒரு சென்டில் இருக்கும்போது நாலு பேர் ஒரு காலையில் எடுத்துவிடலாம்.

செடி தண்ணியைச் சுத்தம் பண்ணுதுன்னு படிச்சேன். அப்ப இருந்துட்டுப் போகட்டுமே?

பாதி உண்மை. இதன் வேர் சத்துக்களையும் ஈயம், குரோமியம், காட்மியம் போன்ற உலோகங்களையும் உறிஞ்சுவது நிஜம். ஆனால் உறிஞ்சியது செடிக்குள்தான் இருக்கிறது. அந்தச் செடியை அவ்வப்போது வெளியே எடுத்தால்தான் தண்ணீர் சுத்தமாகும். எடுக்காமல் விட்டால் அது செத்து அடியில் போய் அழுகி, உறிஞ்சிய அத்தனையையும் திருப்பிக் கொடுத்துவிடும்.

அதற்குள் நடக்கும் சேதம் பெரிது. மேலே பாய் விரித்தாற்போல் மூடிவிட்டால் வெயில் உள்ளே போகாது, காற்றும் கலக்காது. அடியில் பிராணவாயு குறைந்து மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். அழுகிய தழை கருஞ்சேறாகப் படிந்து குளத்தின் ஆழம் குறையும். நம் பக்கத்துக் குளங்கள் இன்று நேரடிப் பாசனத்தைவிடச் சுற்றுவட்டாரக் கிணறுகளுக்கும் போர்வெல்களுக்கும் ஊற்றாகத்தான் அதிகம் பயன்படுகின்றன. அடியில் சேறு அடைத்தால் அந்த ஊறலும் கெடும். மதகிலும் பாலத்திலும் செடி அடைத்துக்கொண்டால் மழை நாளில் தண்ணீர் ஊருக்குள் ஏறும். கொசுவும் உண்டு. மான்சோனியா என்ற வகைக் கொசுவின் புழு இந்த மிதக்கும் செடிகளின் வேரில் குத்தி ஒட்டிக்கொண்டு அங்கிருந்தே மூச்சு வாங்கும். யானைக்கால் நோயைப் பரப்பும் கொசுக்களில் இந்த வகையும் ஒன்று.

மருந்து அடிச்சா ஒரு வாரத்துல கருகிருமே?

கருகும். கருகிய பிறகு என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. அடர்ந்து வளர்ந்த ஒரு ஹெக்டேரில் 200 டன்னுக்கு மேல் பச்சைச் செடி இருக்கும். அத்தனையும் ஒரே சமயத்தில் தண்ணீருக்குள் செத்து அழுகினால் இருக்கும் கொஞ்ச நஞ்சப் பிராணவாயுவும் தீர்ந்து மீன் மிதக்கும். அழுகிய தழை அடுத்த தலைமுறைச் செடிக்கு உரமாகும், சேற்றில் கிடக்கும் விதைக்கும் ஒன்றும் ஆகாது. அந்தத் தண்ணீர்தான் பக்கத்துக் கிணற்றுக்கும் மாட்டுத் தொட்டிக்கும் போகிறது. களைக்கொல்லி வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. யாராவது இரவில் வந்து அடித்துவிட்டுப் போகிறேன் என்று சொன்னால் ஊர்க்காரர்களே தடுத்துவிடுங்கள்.

இதைத் தின்னும் வண்டு இருக்குதாமே?

இருக்கிறது. நியோகெட்டினா என்ற கூன்வண்டு. 1980-களின் தொடக்கத்தில் பெங்களூருவில் இருந்த ஆராய்ச்சியாளர்கள் இதை வெளிநாட்டிலிருந்து தருவித்து, வேறு பயிரைத் தின்னாது என்று சோதித்த பிறகு நீர்நிலைகளில் விட்டார்கள். இலையைச் சுரண்டித் தின்னும், அதன் புழு காம்பைக் குடைந்து போகும். உங்கள் குளத்துச் செடியின் இலையில் அரிசி அளவுக்குச் சுரண்டிய தழும்புகள் நிறைய இருந்தால் வண்டு ஏற்கெனவே இருக்கிறது என்று அர்த்தம்.

சால்வினியாவுக்கும் இப்படி ஒரு கூன்வண்டு உண்டு. 1983 முதல் இந்தியாவில் விடப்பட்டு, கேரளத்தில் அடைபட்டுக் கிடந்த எத்தனையோ நீர்வழிகள் அதனால் திறந்தன. அது பெரிய வெற்றி. வெங்காயத்தாமரையில் அதே அளவு வெற்றி கிடைக்கவில்லை. வண்டு பெருகிப் பலன் தெரியச் சில வருடங்கள் ஆகும். சாக்கடைச் சத்து ஏராளமாக இருக்கும் குளத்திலோ, வண்டு தின்பதற்கு முன்னால் செடி புது இலை விட்டுவிடுகிறது. இன்னொரு சங்கடம்: பொக்லைன் வைத்து முழுவதையும் வாரினால் வண்டும் சேர்ந்து கரைக்குப் போய்விடும். ஆகவே நகரக் குளங்களுக்கு வண்டு மட்டும் போதாது. கழிவுநீர் வருவது நின்றுவிட்ட குளங்களில், கையால் எடுப்பதோடு துணையாக நல்ல பலன் தரும். வண்டைத் தேடி நீங்களாக எங்கிருந்தும் கொண்டுவந்து விட வேண்டாம். கோவையிலேயே வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கே கேட்டுச் செய்யுங்கள்.

புல்கெண்டை மீன் விட்டால்?

வேலம்பாசி போன்ற மூழ்கிய செடிகளை நன்றாகத் தின்னும். வெங்காயத்தாமரையை நம்பி விட்டால் ஏமாற்றம்தான்.

பொக்லைன் நல்லதா, ஆட்கள் நல்லதா?

குளம் முழுக்க மூடிவிட்டதென்றால் இயந்திரம் இல்லாமல் முடியாது. கரையில் நிற்கும் பொக்லைன் கை எட்டும் தூரம்தான் எடுக்கும், நடுக்குளத்துக்கு மிதவையில் போகும் இயந்திரம் வேண்டும். ஆனால் இயந்திரம் போன பிறகு துண்டும் துணுக்கும் கரையோரம் ஒதுங்கிக் கிடக்கும். அதைப் பொறுக்கி எடுக்க ஆட்கள் வேண்டும். அதைச் செய்யாததால்தான் பல இடங்களில் செலவு வீணாயிற்று.

ஆட்களை வைத்து எடுக்கிறீர்கள் என்றால் காற்றைக் கவனியுங்கள். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று செடிகளைக் கிழக்குக் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்து கொடுக்கும். பரிசலில் போய்க் கயிறும் வலையும் போட்டு வளைத்துக் கரைக்கு இழுத்தால் பாதி உழைப்பு மிச்சம். பூப்பதற்கு முன் எடுப்பது மிக முக்கியம்.

வரத்து வாய்க்கால் குளத்தில் சேரும் இடத்தில் ஒரு மிதவைத் தடுப்பு கட்டுங்கள். இரண்டு முனையும் அடைத்த பிவிசி குழாய்களையோ காலி கேன்களையோ நைலான் கயிற்றில் கோத்து, கீழே ஓர் அடி ஆழத்துக்குப் பழைய மீன்வலை தொங்கவிட்டால் போதும். நேர்க்குறுக்காகக் கட்டாமல் சாய்வாகக் கட்ட வேண்டும். அப்போதுதான் செடி தானாக ஒரு கரைக்கு ஒதுங்கும், வாரத்துக்கு ஒருமுறை வாரிவிடலாம். பெருவெள்ளம் வரும் என்று தெரிந்தால் ஒரு முனையை அவிழ்த்துவிடுங்கள்.

இறங்குபவர்களுக்குக் கையுறையும் கம்பூட்ஸும் கட்டாயம். உள்ளே உடைந்த கண்ணாடி, ஊசி, பாம்பு எல்லாம் இருக்கும். சாக்கடைத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் பயமும் உண்டு, காலில் புண் இருப்பவர் கரை வேலையோடு நிற்கட்டும். சேற்றின் ஆழம் தெரியாத இடத்தில் இடுப்பில் கயிறு இல்லாமல் ஒருவரும் இறங்கக் கூடாது.

எடுத்ததை எங்கே போடறது? மாட்டுக்குப் போடலாமா?

தண்ணீர் ஓரத்திலேயே குவித்து வைத்தால் அடுத்த மழையில் திரும்ப உள்ளே போய்விடும். நீர் ஏறும் மட்டத்துக்கு மேலே கொண்டுபோய்ப் பரப்புங்கள். இந்தச் செடியில் ஏறக்குறைய 95 சதவீதம் தண்ணீர்தான், நம் ஊர் வெயிலில் காய்ந்தால் மலை போன்ற குவியல் சின்னதாகிவிடும். பச்சையாக லாரியில் ஏற்றுவது தண்ணீரைத் தூக்கிச் சுமப்பதற்குச் சமம். வழியில் உதிரும் துண்டு இன்னொரு பள்ளத்தில் விழவும் கூடும்.

உரத்துக்குப் பயன்படுத்துவதில் ஒரு பிரிவினை வேண்டும். சாயக்கழிவு, தோல் கழிவு, பட்டறைக் கழிவு கலக்கும் குளத்துச் செடியை மாட்டுக்கும் போடாதீர்கள், கீரைப் பாத்திக்கும் போடாதீர்கள். செடிக்குள் உலோகம் இருக்கும். திருப்பூர் வட்டாரத்திலும் ஈரோட்டுக் கழிவு வாய்க்கால்கள் ஓரத்திலும் இதை மிகக் கண்டிப்பாகப் பின்பற்றுங்கள். ஆலைக்கழிவு கலக்காத ஊர்ப்புறக் குளத்துச் செடி என்றால், வாடவிட்டு நறுக்கிச் சாணத்தோடு அடுக்கி மட்கவிடலாம். குவியல் நன்றாகச் சூடேறித் தணிந்த பிறகே மண்புழு விடுங்கள். சூடேறாத குவியலில் விதை சாகாது. இதில் சாம்பல்சத்து நிறைய இருப்பதால் தென்னைக்கு ஏற்றது. காய்ந்த செடியை வட்டப்பாத்தியில் மூடாக்காகவே போடலாம், ஈரமும் நிற்கும்.

அத்தனையும் எடுத்துட்டா பறவைங்க எங்கே போகும்?

நல்ல கேள்வி, இதைக் கேட்பவர்களைப் பார்த்தால் மனதுக்கு நிறைவாக இருக்கிறது. இலைக்கோழி மிதக்கும் இலை மேல்தான் நடக்கிறது, நீலத்தாழைக்கோழி சம்புப் புதரில்தான் ஒதுங்குகிறது. ஆகவே வழித்துத் துடைத்தாற்போல் எடுக்கக் கூடாது. ஓரத்தில் சம்பும் கோரையும் அல்லியும் இருக்கட்டும், மிதக்கும் அயல் செடியை மட்டும் பகுதி பகுதியாக எடுங்கள். கூடு இருக்கும் திட்டைக் குஞ்சு பொரித்துப் போகும்வரை தொடாதீர்கள். திறந்த நீர் இல்லாவிட்டால் முக்குளிப்பானும் வாத்து இனங்களும் வராது என்பதும் உண்மை. திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024-இல் ராம்சார் தளமானது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற பட்டியலில் சேர்ந்தது. ஈரோட்டு வெள்ளோடு பறவைகள் சரணாலயம் 2022-லேயே ஆகிவிட்டது. அங்கெல்லாம் வனத்துறை சொல்லாமல் ஒரு செடியைக்கூட எடுக்க முடியாது.

குளத்தோரத்தில் பொன்னாங்கண்ணி பறிக்கலாமா?

வேண்டாம். நம் பொன்னாங்கண்ணியின் வெள்ளைப் பூ, இலைக்கணுவில் காம்பில்லாமல் ஒட்டியிருக்கும். முதலைக்களையின் பூ நீண்ட காம்பில் தனியாக நிற்கும், தண்டு உள்ளே குழலாக இருக்கும். எதுவாக இருந்தாலும் சாக்கடை சேரும் குளத்தில் பறித்தது சமையலுக்கு ஆகாது. முதலைக்களையைப் பிடுங்கும்போது கணுத் துண்டு ஒன்றுகூட மண்ணில் கிடக்கக் கூடாது, அதிலிருந்தே வளர்ந்துவிடும்.

வீட்டு மீன்தொட்டிச் செடியைக் குளத்தில் விடலாமா?

கூடவே கூடாது. 2020-இல் கோழிக்கோடு மாவட்டத்தின் ஆவள பாண்டியில் ஒரு நீரோடை முழுக்க இளஞ்சிவப்புப் பூ பூத்துக் கிடந்த படங்கள் பரவின, பார்க்கக் கூட்டம் திரண்டது. அது கபோம்பா, மீன்தொட்டி அலங்காரத்துக்கு விற்கப்படும் தென் அமெரிக்கச் செடி. பார்க்கப் போனவர்கள் கையோடு பறித்துக்கொண்டு போனால் இன்னும் எத்தனை ஓடைகளில் அது வேர் பிடிக்குமோ என்று அங்குள்ளவர்கள் கவலைப்பட்டார்கள். தொட்டியைக் காலி செய்யும்போது செடியை நன்றாகக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

குளம் யார் பொறுப்பில் என்பதைப் பொறுத்தது. கோவை நகரக் குளங்கள் பல மாநகராட்சியிடம் உள்ளன. மற்ற இடங்களில் நீர்வளத்துறை, பேரூராட்சி, ஊராட்சி ஒன்றியம் என்று மாறும். மீன் குத்தகை இருந்தால் குத்தகைதாரரிடமும் பேசிவிடுங்கள், அவருக்கும் இது லாபமான வேலைதான். எழுத்தில் வாங்குங்கள்.

எங்க குளத்துல இப்பத்தான் ஒரு ஓரமா நாலஞ்சு செடி தெரியுது. என்ன பண்ணலாம்?

இன்றே எடுங்கள். அனுமதிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, இந்த வாரத்துக்குள் முடியுங்கள். எடுத்த இடத்தைச் சுற்றி வேர்த் துண்டு மிதக்கிறதா என்று வலைக்கூடையால் அரித்துப் பாருங்கள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை யாராவது ஒருவர் கரையைச் சுற்றி வரட்டும். மழை பெய்து குளத்தில் புதுத்தண்ணீர் ஏறிய பிறகு முதல் இரண்டு மாதம் வாரம் ஒருமுறை சுற்ற வேண்டும். விதை முளைப்பது அப்போதுதான், அதுவும் ஓரத்து ஆழமில்லாத தண்ணீரில். விரல் நீளத்துக்கு இருக்கும்போது கையால் பிடுங்கிவிடலாம். அப்படியே வாய்க்கால் வழியாக மேல் குளம் வரை ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள்.